கைப்பம்பும் கைத்திறனும்

ஒரு கருவியை மதிப்பிடும்போது நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் மூன்று. அதன் விலை என்ன? அது எவ்வளவு வேலை செய்யும்? எத்தனை ஆண்டுகள் உழைக்கும்? இம்மூன்றும் தேவையான கேள்விகளே. ஆயினும் நான்காவதாக ஒரு கேள்வி உண்டு. அது பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. அக்கருவியைக் கையாளுகின்றவர், கையாளக் கையாள, முன்னைவிடத் திறமை உடையவர் ஆகின்றாரா என்பதே அது.

சில கருவிகள் தம்மை அமைத்த பொறியியலாரின் அறிவை மட்டுமே காட்டுகின்றன. பயன்படுத்துவோர் அவற்றின் முன் கைகட்டி நிற்க நேர்கிறது. வேறு சில கருவிகள் பயன்படுத்துவோரின் அறிவை வளர்க்கின்றன. ‘இதை நானே செய்தேன்’ என்னும் பெருமிதத்தை அளித்து, மேலும் கற்கும் ஆர்வத்தைத் தூண்டுகின்றன. இவ்வேறுபாட்டைச் சிறியதென்று எண்ணிவிடலாகாது. ஓர் ஊருக்குக் குடிநீர் கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் இதைப் பொறுத்து அமையக்கூடும். நம் நாட்டுக் கைப்பம்பின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

நான்கில் மூன்று பங்கு

1966-67இல் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியிலும், 1970களின் தொடக்கத்தில் மகாராஷ்டிரத்திலும் கடும் வறட்சி நேர்ந்தது. கிணறுகள் வற்றின. அக்காலத்தில் யூனிசெஃப் நிறுவனத்தின் உதவியோடு, கடினப் பாறையையும் துளைக்கவல்ல காற்றழுத்தப் பொறிகள் தருவிக்கப்பட்டு, துளைக் கிணறுகள் ஆயிரக்கணக்கில் தோண்டப்பட்டன. அவற்றின் மீது வார்ப்பிரும்புக் கைப்பம்புகள் பொருத்தப்பட்டன.

இப்பம்புகளின் வடிவம் மேல்நாட்டுப் பண்ணை வீடுகளிலிருந்து வந்தது. ஒரு குடும்பம் நாளொன்றுக்குச் சில முறை நீர் இறைப்பதற்கென்று அது அமைக்கப்பட்டிருந்தது. நம் கிராமங்களிலோ, விடியற்காலை முதல் இரவு வரை நூற்றுக்கணக்கானோர் ஒரே பம்பை இயக்கினர். அதனால் ஆணிகள் தேய்ந்தன, கைப்பிடிகள் ஒடிந்தன. 1970களின் நடுவில் எடுக்கப்பட்ட கணக்குகளின்படி, பம்புகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பழுதாகிக் கிடந்தன. நிலத்தடியில் நீர் இருந்தது. மேலே பம்பும் இருந்தது. ஆயினும் பெண்கள் பழையபடி குடத்தோடு தொலைவிலுள்ள குட்டைக்கே நடக்க வேண்டியவராயினர்.

உறுதியான பம்பு

இக்குறையை நீக்க முதலில் முயன்றவை மகாராஷ்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் ஆகிய ஊர்களில் இருந்த சிறு தொழிற்கூடங்கள். அவை வார்ப்பிரும்பை விடுத்து எஃகினால் பம்பு செய்தன. சோலாப்பூர் வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு, மத்திய அரசும் யூனிசெஃப் நிறுவனமும் சென்னையிலுள்ள ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் தொழிற்சாலையும் இணைந்து ‘இந்தியா மார்க் 2’ என்னும் பம்பை உருவாக்கின. கோயம்புத்தூர்ப் பகுதியின் ஆழமான கிணறுகளில் அது சோதிக்கப்பெற்று, 1970களின் இறுதியில் பெருமளவு உற்பத்திக்கு வந்தது. நாடெங்கும் இலட்சக்கணக்கில் நிறுவப்பட்டது. பிற நாடுகளுக்கும் சென்றது.

அதன் அமைப்பு எளிது. கைப்பிடியின் வெளிப்புறம் உட்புறத்தைப் போல எட்டு மடங்கு நீளமுடையது. ஆதலின் சிறு விசையாலேயே பெருஞ்சுமையை உயர்த்த முடிகிறது. கைப்பிடியின் உள்முனை வில்போல் வளைந்திருக்கும். அதன்மேல் ஒரு செயின் படிந்து, நீண்ட கம்பியைக் கோணாமல் நேராக மேலிழுக்கிறது. மூடப்பட்ட பால் பேரிங்குகள் தேய்மானத்தைக் குறைக்கின்றன. கிணற்றின் ஆழத்தில், 63.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள, பித்தளை உள்ளுறை கொண்ட உருளைக்குள் பிஸ்டன் 125 மில்லிமீட்டர் தூரம் ஏறி இறங்குகிறது. ஓர் இழுப்புக்கு ஏறக்குறைய 400 மில்லிலிட்டர் நீர் உயரும். நிமிடத்திற்கு 40 இழுப்பு இழுத்தால் ஒரு வாளி நிரம்பும். இதைக் கணக்குப் போட்டு அறியும்படி உயர்வகுப்பு மாணவரிடம் ஆசிரியர்கள் விடலாம்.

வாஷர் தேய்ந்தபோது

மார்க் 2 உறுதியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் எத்துணை உறுதியான பம்பிலும் ஒரு பாகம் தேய்ந்தே தீரும். அது பிஸ்டனைச் சுற்றியுள்ள வாஷர். முன்னர்த் தோலினாலும் பின்னர் நைட்ரைல் ரப்பரினாலும் செய்யப்பட்ட இச்சிறு பொருளின் விலை சொற்பமே. அதை மாற்றுவதுதான் கடினம்.

காரணம் இது: உருளையின் விட்டம் 63.5 மில்லிமீட்டர், அதற்கு மேலுள்ள குழாயின் விட்டமோ 32 மில்லிமீட்டர். பிஸ்டன் அக்குழாயின் வழியே மேலேற இயலாது. எனவே மூன்று மீட்டர் நீளமுள்ள குழாய்களை ஒவ்வொன்றாக வெளியே தூக்கிக் கழற்ற வேண்டும். உருளை 30 மீட்டர் ஆழத்தில் இருக்குமாயின், பத்துக் குழாய்களும் அவற்றினுள் உள்ள கம்பிகளுமாக நூறு கிலோவுக்கு மேற்பட்ட எடையைத் தூக்குவதாகும். சிறப்புக் கருவிகளும், பல ஆட்களும், அவர்களை ஏற்றிவர ஒரு வண்டியும் தேவைப்பட்டன.

இதற்கேற்பத் தமிழ்நாட்டில் மூன்றடுக்குப் பராமரிப்பு முறை உருவாகி, பிற மாநிலங்களுக்கும் பரவியது. ஊரில் ஒரு பொறுப்பாளர், வட்டார அளவில் ஒரு மெக்கானிக், மாவட்ட அளவில் வண்டியோடு கூடிய பழுதுபார்க்கும் குழு என அது அமைந்தது. ஊர்ப் பொறுப்பாளரின் வேலை, நட்டுகளை முடுக்குவது, செயினுக்குக் கிரீஸ் இடுவது, பழுது நேர்ந்தால் அஞ்சலட்டை எழுதித் தெரிவிப்பது ஆகியவையே. அட்டையை எழுதியபின் அவர் காத்திருந்தார், ஊரும் காத்திருந்தது. நல்ல பம்பு கிடைத்தும், அதை நாள்தோறும் இயக்கிய மக்கள் அதன்பால் அயலாராகவே இருந்தனர்.

திறந்து பார்க்கத்தக்க பம்பு

1981 முதல் 1990 வரை ஐக்கிய நாடுகள் சபை குடிநீர், துப்புரவுப் பத்தாண்டைக் கடைப்பிடித்தது. அக்காலத்தில் உலக வங்கியும் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டமும் பல நாடுகளின் கைப்பம்புகளைச் சோதித்து ஒரு கொள்கையை வகுத்தன. கிராம அளவிலேயே இயக்கிப் பராமரிக்கத்தக்கதாகப் பம்பு இருத்தல் வேண்டும் என்பதே அது. சில கருவிகளைக் கொண்டு ஊராரே பழுதுபார்க்க இயல வேண்டும். உதிரிப் பாகங்கள் உள்நாட்டிலேயே கிடைக்க வேண்டும்.

இக்கொள்கையின்படி கோயம்புத்தூர்ப் பகுதியில் 1980களில் நடந்த ஆய்வுகளின் பயனாக ‘இந்தியா மார்க் 3’ தோன்றியது. அதில் செய்யப்பட்ட முக்கியமான மாறுதல் ஒன்றே. மேற்குழாயின் விட்டம் 65 மில்லிமீட்டராக ஆக்கப்பட்டது. ஆதலின் குழாயை அசைக்காமலே, கம்பியைப் பிடித்துப் பிஸ்டனையும் அடி வால்வையும் மேலே எடுத்துவிடலாம். ஒரு மெக்கானிக், பம்பைப் பயன்படுத்துவோர் ஓரிருவர் துணையோடு, வண்டியின்றி வாஷரை மாற்றிவிட முடிந்தது. ஆப்பிரிக்காவில் உருவான ‘ஆஃப்ரிடெவ்’ பம்பு இதனினும் ஒருபடி மேலே சென்றது. அதன் தலைப்பகுதியைத் திறக்க ஒரே ஸ்பானர் போதும்.

பெருங்குழாயின் விலை மிகுதி, எடையும் மிகுதி. எனவே மிக ஆழமான கிணறுகளுக்கு மார்க் 3 ஏற்றதன்று. ஒவ்வோர் அமைப்பிலும் ஒன்றைப் பெற மற்றொன்றை விட வேண்டியிருக்கிறது. ஆனால் எதைப் பெறுவதற்காக எதை விடுகிறோம் என்னும் கணக்கில், பயன்படுத்துவோரின் திறமையும் ஓர் இனமாகச் சேர்க்கப்பட்டது என்பதே இங்கு நாம் கருதத்தக்கது.

பாந்தா மாவட்டத்துப் பெண்கள்

வடிவமைப்பு வாயிலைத் திறந்து வைக்கலாம். உள்ளே அழைத்துச் செல்வது பயிற்சியே. இராஜஸ்தானத்தில் திலோனியாவிலுள்ள சமூகப் பணி ஆராய்ச்சி மையம், ஊர் இளைஞர்களையே கைப்பம்பு மிஸ்திரிகளாகப் பயிற்றியது. உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில், 1990களின் தொடக்கத்தில், மகிளா சமாக்யா என்னும் பெண்கல்வித் திட்டத்தின்கீழ் கிராமப் பெண்களுக்குப் பம்பு பழுதுபார்க்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் பழங்குடியினரும் ஆவர். எழுதப் படிக்க அறியாதவர் பலர். அம்மாநிலத்தில் பெரிதும் பரவியிருந்ததோ எடைமிகுந்த மார்க் 2 பம்பு. இவ்வேலை ஆண்களுக்கே உரியது என்று எண்ணப்பட்டு வந்த இடத்தில், அப்பெண்கள் ஸ்பானர் ஏந்திக் குழாய்களைக் கழற்றி வாஷர் மாற்றினர்.

பின்னர் நிகழ்ந்ததை ஆசிரியர்கள் சிறப்பாகக் கருத வேண்டும். பம்பின் நுட்பத்தைக் கற்ற பெண்கள், தங்களுக்கு எழுத்தும் கற்பிக்க வேண்டும் என்று தாங்களே கேட்டனர். அதற்கென எழுத்தறிவு முகாம்கள் நடத்தப்பட்டன. தண்ணீரையே பொருளாகக் கொண்டு பாடங்கள் அமைக்கப்பட்டன. சில ஆண்டுகளில் ‘மகிளா டாகியா’ என்னும் சிறு செய்தித்தாளை அப்பெண்கள் வெளியிட்டனர். ஒரு செயலில் கைவந்த திறமை, அடுத்ததைக் கற்கும் வேட்கையைத் தந்தது. எழுத்தறிவின் மேன்மையைப் பற்றிய சொற்பொழிவுகளைக் காட்டிலும், தாமே பழுதுநீக்கிய பம்பிலிருந்து பெருகிய நீர் அவர்களுக்கு மிகுந்த ஊக்கம் அளித்தது எனலாம்.

நாம் கொள்ள வேண்டியவை

இவ்வரலாற்றிலிருந்து, களப்பணியாளரும் ஆசிரியரும் எந்தக் கருவிக்கும் பொருத்திப் பார்க்கத்தக்க சில உண்மைகள் கிடைக்கின்றன.

முதலாவது, பயன்படுத்துவோரிடம் முன்னரே உள்ள அறிவிலிருந்து தொடங்குதல். நாள்தோறும் நீர் இறைப்பவரின் கை, பம்பின் நோயை முதலில் உணர்கிறது. பல முறை இழுத்த பின்னரே நீர் வருமாயின் அடி வால்விலோ குழாய் இணைப்பிலோ கசிவு உண்டு. கைப்பிடி பாரமே இன்றி ஆடுமாயின் கம்பி கழன்றுவிட்டது. இழுப்பு முழுமையாக இருந்தும் நீர் குறையுமாயின் வாஷர் தேய்ந்திருக்கக்கூடும். இக்குறிகளைப் பெண்கள் அறிவர். அவற்றின் காரணத்தைச் சொல்லிக் கொடுப்பதே நம் வேலை.

இரண்டாவது, முதல் வெற்றி விரைவில் கிட்டுமாறு செய்தல். பயிற்சியின் முதல் நாளிலேயே கற்பவர் தம் கையால் ஒரு பாகத்தைக் கழற்றி மீண்டும் பூட்டிவிட வேண்டும். நீண்ட விரிவுரை அச்சத்தை வளர்க்கும்.

மூன்றாவது, தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்ள இடமளித்தல். கம்பி கிணற்றினுள் நழுவினால் அதைப் பிடித்தெடுக்கும் கருவியும் பயிற்சிப் பெட்டியில் இருத்தல் வேண்டும். தவறினால் எல்லாம் கெடும் என்று அஞ்சுகின்றவர் கருவியைத் தொடவே மாட்டார்.

நான்காவது, அடுத்த படியைக் காட்டுதல். வாஷர் மாற்றக் கற்றவர் ஏன் பேரிங்கையும் மாற்றலாகாது? நீரின் தூய்மையை ஏன் சோதிக்கலாகாது? திறமைக்கு மேற்படிகள் இல்லையேல் ஆர்வம் மங்கும்.

இன்று ஊர்களில் குழாய்நீர் இணைப்புகள் பரவி வருகின்றன. 2019ஆம் ஆண்டில் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கத்தின்கீழ், ஒவ்வோர் ஊரிலும் ஐந்து பெண்களுக்கு நீரைச் சோதிக்கும் பெட்டியைக் கையாளப் பயிற்சி அளிக்க வகை செய்யப்பட்டுள்ளது. அப்பெட்டியைப் பற்றியும் நான்காவது கேள்வியை நாம் கேட்க வேண்டும். நிறம் மாறுவதைப் பார்த்து எண்ணைக் குறித்துவிடுவதோடு அப்பெண்ணின் பணி முடிந்துவிடுகிறதா? அன்றி, அவ்வெண்ணின் பொருளை அவர் அறிந்து, அண்டை வீட்டாருக்கு விளக்கி, கெட்டநீரைப் பற்றி ஊராட்சியில் எழுந்து பேசும் ஆற்றலும் பெறுகின்றாரா?

அடுத்த முறை உங்கள் ஊர்ப் பம்பு பழுதுபார்க்கப்படும்போது, மாணவரை அங்கு அழைத்துச் செல்லுங்கள். தேய்ந்த வாஷர் ஒன்றைக் கேட்டு வாங்கி, புதியதோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பின்பு மெக்கானிக்கின் இசைவோடு ஸ்பானரை அவர்களுள் ஒருவரிடம் கொடுத்து, ஒரு நட்டையேனும் முடுக்கச் செய்யுங்கள்.