நாற்பது நாள் கானகத்தில் நான்கு குழந்தைகள்

2023-ஆம் ஆண்டு மே முதல் நாள். தென்னமெரிக்க நாடாகிய கொலம்பியாவில், அமேசான் பெருங்காட்டின் நடுவேயுள்ள அராராகுவாரா என்னும் சிற்றூரிலிருந்து அதிகாலையில் சிறு விமானம் ஒன்று புறப்பட்டது. ஒற்றை எஞ்சின் பொருத்திய செஸ்னா 206 வகை விமானம் அது. சான் ஹோசே தெல் குவாவியாரே நகரை நோக்கிய அப்பயணத்தில் எழுவர் இருந்தனர். விமானி, பழங்குடித் தலைவர் ஒருவர், ஹுய்தோதோ குலத்தைச் சேர்ந்த ஒரு தாய், அவருடைய நான்கு மக்கள். மூத்தவள் 13 வயதுச் சிறுமி; அடுத்தவர்களுக்கு வயது 9, 4; கடைக்குட்டிக்கோ 11 மாதங்களே.

வழியில் எஞ்சின் பழுதுற்றது. சற்று நேரம் மீண்டும் இயங்கிப் பின் முற்றிலும் ஓய்ந்தது. எஞ்சின் நின்றால் விமானம் கல்லைப் போல் வீழும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வாறன்று. வேகம் உள்ளவரை இறக்கைகள் அதைத் தாங்கும். மெல்லச் சரிந்து இறங்கும் அவ்விமானத்திற்குச் சமதளம் ஒன்று கிடைத்தால் உயிர் தப்பலாம். அமேசானில் சமதளத்திற்கு எங்கே போவது? ஓர் ஆற்றைத் தேடி இறங்குவதாக விமானி வானொலியில் அறிவித்தார். ஆற்றை எட்டுமுன் காடு விமானத்தை விழுங்கிற்று.

இரு வாரங்களுக்குப் பின்னரே சிதைந்த விமானம் கண்டுபிடிக்கப்பட்டது. முகப்பு நிலத்தில் மோதி, செங்குத்தாக நின்றது அது. பெரியவர் மூவரின் உடல்களும் கிடைத்தன. அந்தோ, அவர்களுள் அத்தாயும் ஒருவர்! ஆனால் குழந்தைகளைக் காணவில்லை. காட்டில் பால்புட்டி ஒன்றும், கடித்த பழங்களும், சிறு காலடித் தடங்களும் தென்பட்டன. அவர்கள் உயிரோடிருக்கின்றனர்!

குழந்தைகள் கிடைத்துவிட்டனர் என்று குடியரசுத் தலைவர் குஸ்தாவோ பெத்ரோ மே 17-இல் அறிவித்து, மறுநாளே அதைத் திரும்பப் பெற நேர்ந்தது. எனினும் தேடியவர்கள் சோர்ந்துவிடவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட படைவீரரும் பழங்குடித் தொண்டரும் தோளோடு தோள் நின்றனர். உணவுப் பொட்டலங்கள் வானிலிருந்து போடப்பட்டன. ஓரிடத்திலேயே இருக்குமாறு பாட்டியார் தம் தாய்மொழியில் பேசிய குரலை ஹெலிகாப்டர்கள் ஒலிபெருக்கியில் காடெங்கும் முழக்கின.

ஜூன் 9-ஆம் நாள், நாற்பதாம் நாளன்று, விபத்து நடந்த இடத்திற்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், பழங்குடித் தொண்டர்கள் நால்வரையும் கண்டனர். "அற்புதம்" என்னும் சொல் படையினரின் வானொலியில் நான்கு முறை ஒலித்தது, குழந்தைக்கு ஒரு முறையாக. மெலிந்து வாடியிருந்தனர், ஆயினும் நால்வரும் உயிரோடிருந்தனர். கடைக்குட்டியின் முதலாம் பிறந்தநாள் காட்டிலேயே கழிந்திருந்தது. தேடுதலில் உழைத்த வில்சன் என்னும் படைநாய் மட்டும் திரும்பவேயில்லை.

இப்பிள்ளைகள் எப்படிப் பிழைத்தனர்? விமானத்திலிருந்து எடுத்துச் சென்ற மரவள்ளி மாவைத் தின்றனர். அது தீர்ந்தபின் காட்டின் கனிகளையும் விதைகளையும் உண்டனர். உண்ணத்தக்கது எது, நஞ்சு எது என்பதை மூத்தவள் அறிந்திருந்தாள். பள்ளிப் புத்தகம் அளித்த அறிவன்று அது. காட்டோடு ஒட்டி வாழும் குடும்பம், பாட்டி முதலாகப் பெரியவர்கள், கற்பித்தது. தாயை இழந்த அச்சிறுமி, துயரில் அமிழ்ந்துவிடாமல், தம்பி தங்கையர்க்குத் தாயாக நின்றாள்.

நம் இல்லங்களில் பாட்டியர் சொல்வதைப் பழங்கதை என்று ஒதுக்கிவிடுகிறோம். எந்தச் சொல் எந்நாளில் எக்குழந்தையின் உயிர் காக்கும் என்பதை நாம் அறியோம். இன்றிரவு உணவு முடிந்ததும் பிள்ளைகளைப் பாட்டியின் அருகில் சற்று நேரம் அமர்த்துவோம்.