உங்களுக்குத் தெரியுமா? பார்வையில் ஓர் ஓட்டை!

நம் ஒவ்வொரு கண்ணின் பார்வையிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. ஏறக்குறைய பத்து முழுநிலவுகளை வரிசையாக நிறுத்தினாலும் அதற்குள் அடங்கிவிடும்!

● பார்வை நரம்பு விழித்திரையைத் துளைத்து வெளியேறும் இடம் அது. ஒளியை உணரும் செல் ஒன்றுகூட அங்கே கிடையாது.

● சோதித்துப் பாருங்கள்: இடக்கண்ணை மூடுங்கள். இரு கட்டைவிரல்களையும் கைநீட்டி ஒட்டினாற்போல் நிமிர்த்துங்கள். வலக்கண் இடதுவிரலையே பார்க்க, வலதுவிரலை மெல்ல வலப்பக்கம் நகர்த்துங்கள். ஒரு சாணுக்குச் சற்று முன்பே நகம் காணாமல் போகும். அங்கே கறுப்புப் புள்ளி தெரியாது. பின்னாலிருக்கும் சுவரின் நிறத்தையே மூளை பூசிவிடும். பலே கில்லாடி!

● 1660களில் இந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி எட்மே மரியோத்.

● ஆக்டோபஸுக்கு இந்த ஓட்டை இல்லை. அதன் நரம்புகள் விழித்திரையின் பின்பக்கமாகவே கிளம்புகின்றன.