தன் பாதையைத் தானே விரித்து ஓடும் வண்டி

ரயில்வேயில் ஆயுளைக் கழித்தவனிடம் ‘டிராக்’ என்று சொன்னால் தண்டவாளமும் ஸ்லீப்பரும் ஜல்லியும்தான் கண்முன் வந்து நிற்கும். சென்ற குளிர்காலத்தில் குடும்ப நண்பர் ஒருவரின் மகன் கனடாவின் கால்கரி நகரிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டான். “அங்கிள், டிராக் பற்றி உங்களிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும்” என்றான். நம் தொழிலுக்கு அங்கேயும் மதிப்பு இருக்கிறதே என்று ஒரு கணம் மகிழ்ந்து போனேன். பிறகுதான் தெரிந்தது, அவன் கேட்டது பனி ஸ்கூட்டரின் டிராக்கைப் பற்றி!

அவனுடைய அலுவலக நண்பர்கள் குளிர்காலத்தில் மலைப்பக்கம் பனி ஸ்கூட்டர் ஓட்டப் போகிறவர்கள். இவனும் பழைய வண்டி ஒன்று வாங்க ஆசைப்பட்டு, இரண்டைப் பார்த்து வைத்திருந்தான். எஞ்சின் இரண்டிலும் ஒன்றே. விலையும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்றின் டிராக் 154 அங்குல நீளம், அதன் பல் இரண்டரை அங்குல உயரம். மற்றது 165 அங்குல நீளம், பல் 3 அங்குலம். எதை வாங்குவது?

அவனுடன் பேசி முடித்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, ஜெயநகரிலிருந்து அவன் தந்தை கூப்பிட்டார். “சார், இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டான், நீங்கள் சொன்னால் கேட்பான்” என்றார்.

பிள்ளைகள் கடல் கடந்து வாழும் வீடுகள் நம் சங்கத்தில் எத்தனையோ இருக்கின்றன. விடுமுறை வந்தால் குல்மார்க், மணாலி என்று கிளம்பும் குடும்பங்களும் பெருகிவிட்டன. அவர்களுக்குப் பயன்படலாம் என்று, அந்தப் பையனுக்குப் பதில் சொல்வதற்காக நான் படித்ததையும் யோசித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

வண்டியோடு வரும் பாதை

ரயில் ஓட வேண்டுமானால் நாங்கள் முதலில் பாதை போட்டுத் தர வேண்டும். பனி ஸ்கூட்டர் அப்படியல்ல. தன் பாதையைத் தன் வயிற்றின் கீழே சுற்றி வைத்துக்கொண்டு, முன்னால் விரித்து, அதன் மேல் ஓடி, பின்னால் சுருட்டிக்கொள்கிறது. முன்பக்கம் திசை திருப்ப இரண்டு சறுக்குப் பலகைகள். பின்பக்கம் முனையில்லாத ஒரு ரப்பர் பட்டை. அந்தப் பட்டைதான் டிராக். அதன் வெளிப்புறத்தில் வரிசை வரிசையாக ரப்பர் பற்கள் நீட்டிக்கொண்டிருக்கும்.

இந்த வண்டிக்குப் பின்னால் ஒரு தந்தையின் துயரம் இருக்கிறது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் வால்கூர் என்ற சிற்றூரில் ஜோசப் ஆர்மன் பம்பார்டியே என்ற மெக்கானிக் இருந்தார். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி முற்றியது. சாலை முழுவதும் பனி மூடிக் கிடந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லை, குழந்தை இறந்துபோனது. சிறு வயது முதலே பனியில் ஓடும் வண்டிக்காக முயன்று வந்தவர், அதன்பின் அதையே தவமாகக் கொண்டார். பல்சக்கரமும் ரப்பர் பட்டையும் சேர்ந்த அமைப்புக்கு 1937-இல் காப்புரிமை பெற்றார். ஒருவர் இருவர் ஏறி ஓட்டும் சிறிய ‘ஸ்கீ-டூ’ வண்டி 1959-இல் வந்தது.

அவர் தொடங்கிய நிறுவனம் பிற்காலத்தில் ரயில் தொழிலிலும் இறங்கியது. தில்லி மெட்ரோவின் பல பெட்டிகள் அந்த நிறுவனத்தின் பெயரைத் தாங்கியவை. பனி வண்டிப் பிரிவு 2003-இல் தனி நிறுவனமாகப் பிரிந்தது. ரயில் பிரிவு 2021-இல் அல்ஸ்டாம் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆகவே தண்டவாளக்காரனுக்கும் பனி ஸ்கூட்டருக்கும் கொஞ்சம் உறவு உண்டு என்று நான் சொல்லிக்கொள்ளலாம்.

மிதக்கவும் வேண்டும், கடிக்கவும் வேண்டும்

புதிதாக விழுந்த உலர்ந்த பனி மாவு போன்றது. ஒரு கன மீட்டர் தண்ணீர் 1000 கிலோ எடை. அதே அளவு புதுப்பனி 50 முதல் 100 கிலோ வரைதான். மீதியெல்லாம் காற்று. அதில் காலை வைத்தால் இடுப்பு வரை போகும். இந்தப் பனியில் வண்டி இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும். ஒன்று, மூழ்காமல் மிதப்பது. மற்றொன்று, வழுக்காமல் கடித்துப் பிடித்து முன்னேறுவது.

நம் ஊர்ச் சேற்று வயலை நினைத்துப் பாருங்கள். சாதாரண டயரோடு டிராக்டர் இறங்கினால் அச்சு வரை புதையும். அதற்காகத்தான் இரும்புக் கேஜ் வீல் மாட்டுகிறார்கள். அது சேற்றின் மேல் எடையைப் பரப்புகிறது. அதன் பட்டைகள் சேற்றைப் பிடித்துத் தள்ளுகின்றன. பனி ஸ்கூட்டரின் டிராக் செய்வதும் இதே வேலைதான்.

மிதப்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போட்டேன். வண்டி 230 கிலோ, ஓட்டுபவரும் அவர் பையும் 90 கிலோ, ஆக 320 கிலோ. 154 அங்குலப் பட்டையில் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 60 அங்குலம் பனியில் படிவதாக வைத்துக்கொள்வோம். அகலம் 15 அங்குலம். சறுக்குப் பலகைகளை விட்டுவிட்டாலும் 900 சதுர அங்குலம் கிடைக்கிறது. சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 55 கிராம் அழுத்தம்தான். எழுபது கிலோ மனிதர் இரண்டு காலில் நின்றால் அதைப்போல மூன்று மடங்கு அழுத்தம் விழும். ரயில் சக்கரமோ பல டன் எடையை விரல் நகம் அளவு இடத்தில் இறக்குகிறது. அதற்கு எஃகுத் தண்டவாளம் தேவைப்படுவதும், இதற்குப் பனியே போதுமானதாக இருப்பதும் இந்தக் கணக்கினால்தான்.

நீளமும் அகலமும்

மிதப்பைக் கூட்ட இரண்டு வழிகள்: பட்டையை அகலமாக்கலாம், அல்லது நீளமாக்கலாம். சுமை இழுக்கும் வண்டிகளுக்கு 20, 24 அங்குல அகலப் பட்டைகள் உண்டு. சியாச்சின் பனியாற்றில் நம் ராணுவமும் பனி ஸ்கூட்டர்களைப் பயன்படுத்தி வருகிறது. சமதளத்தில் சறுக்குவண்டியைக் கட்டி இழுக்க அகலப் பட்டை நல்லது. ஆனால் மலைச் சரிவில் குறுக்காகப் போகும்போது வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அகலப் பட்டை சாய மறுக்கும். அதனால் மலை வண்டிகளில் அகலத்தை 15, 16 அங்குலத்தோடு நிறுத்திவிட்டு நீளத்தைக் கூட்டுகிறார்கள்.

சீரான பாதைகளில் ஓடும் வண்டிக்கு 120 முதல் 137 அங்குலம் வரை போதும். மலை வண்டிக்கு 146, 154, 165, இன்னும் அதற்கு மேலும் உண்டு. நீளம் கூடினால் மிதப்பு கூடும். ஏறும்போது ஒரே நேரத்தில் அதிகப் பற்கள் பனியைப் பிடிக்கும். ஆனால் எடை கொஞ்சம் கூடும், மரங்களுக்கு நடுவே சட்டென்று திரும்புவது கடினமாகும். மேலே போட்ட கணக்கையே 165 அங்குலத்துக்குப் போட்டால் அழுத்தம் 55 கிராமிலிருந்து 50 கிராமுக்குத்தான் இறங்குகிறது. பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான லாபம்.

குறுகிய பட்டை என்ன செய்யும் என்பதை நான் குல்மார்க்கில் நேரில் பார்த்திருக்கிறேன். அங்கே வாடகைக்கு ஓடும் பனி ஸ்கூட்டர்கள் அழுத்திக் கெட்டியான பாதையில் நன்றாகவே போகின்றன. ஒரு பையன் ஆசைப்பட்டான் என்பதற்காக ஓட்டுநர் பாதையை விட்டுப் புதுப்பனியில் இறங்கினார். இருபதடி போவதற்குள் வண்டி உட்கார்ந்துவிட்டது. அவர் ஆக்சிலரேட்டரை முறுக்க முறுக்க, பட்டை தன் கீழே குழி தோண்டிக்கொண்டு இருக்கை வரை இறங்கியது. நான்கு பேர் சேர்ந்து அரைமணி நேரம் இழுத்தார்கள். ரயில் எஞ்சின் சக்கரம் வழுக்கும்போதும் இதே கதைதான்: முறுக்கினால் நிலைமை மோசமாகும். நாங்கள் மணல் தூவுவோம். பனியில் புதைந்தால் உடனே ஆக்சிலரேட்டரை விட்டு, இறங்கி, முன்னால் இருக்கும் பனியை மிதித்துக் கெட்டியாக்கி, பிறகு மெதுவாக நகர்த்த வேண்டும்.

பல்லின் உயரம்

கடிப்பது பல்லின் வேலை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போனவர்கள் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தின் நடுவில் பல்சட்டம் இருப்பதைப் பார்த்திருப்பார்கள். ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். வெறும் சக்கரத்தின் பிடிமானத்தை அங்கே நம்ப முடியாது. இரண்டு பல்சட்டங்களை முன்பின்னாகப் பதித்திருப்பதால் எந்த நேரமும் ஏதாவது ஒரு பல் பிடியில் இருக்கும். பனி டிராக்கிலும் பற்களை ஒரே நேர்க்கோட்டில் வைக்காமல் மாற்றி மாற்றி வைக்கிறார்கள்.

கெட்டியான பாதைக்கு ஒன்று, ஒன்றேகால் அங்குலப் பல் போதும். ஆழமான மாவுப்பனிக்கு இரண்டரை முதல் 3 அங்குலம் வரை வேண்டும். பல் வரிசைகளுக்கு இடையே 3 அல்லது மூன்றரை அங்குலம் விட்டால், இடையில் அகப்படும் பனி கெட்டிப்பட்டு நல்ல பிடி கிடைக்கும். நெருக்கமாக வைத்தால் பனி அடைத்துக்கொண்டு பட்டை வழவழப்பாகிவிடும்.

உயரமான பல்லுக்கும் விலை உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் அதிகப் பனியை வாரித் தள்ளுவதால் எஞ்சினுக்குப் பாரம் கூடும். மலையேற ஏறக் காற்று மெலிந்து, டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1000 அடிக்கும் சுமார் 3 சதவீதம் திறனை இழக்கும். 8000 அடியில் கால் பங்கு போய்விடும். வசந்த காலத்தில் பனி இறுகிய பின், உயரமான மென்பற்கள் வளைந்து கிழியும். இன்னொன்றும் உண்டு. பட்டை வாரியடிக்கும் பனியே உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் சறுக்குச் சட்டங்களையும் எஞ்சினையும் குளிர வைக்கிறது. பனியில்லாத தரையில் சிறிது தூரம் ஓட்டினாலும் அந்தச் சட்டங்கள் உருகத் தொடங்கும். பழைய வண்டி வாங்குபவர்கள் பல்லையும் அந்தச் சட்டத்தையும் கவிழ்ந்து பார்த்துத்தான் பணத்தை எண்ண வேண்டும்.

பாதை கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம்

இவ்வளவும் படித்த பிறகு, அவன் தந்தையின் பயம் எனக்கும் புரிந்தது. நீலகிரி ரயில் ஏறும் ஏற்றம் 5 டிகிரிகூட இல்லை. நல்ல மலை டிராக் 35 டிகிரிக்கு மேலும் ஏறும். பனிச்சரிவு பெரும்பாலும் புறப்படுவது 30 முதல் 45 டிகிரி வரை உள்ள சரிவுகளில்தான்! முன்பெல்லாம் வண்டி ஏற முடியாததாலேயே மனிதன் பிழைத்தான். இன்று டிராக் நன்றாக இருப்பதாலேயே, போகக் கூடாத இடத்துக்குப் போய் நிற்கிறான். 2010 மார்ச் 13 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவில் ரெவல்ஸ்டோக் அருகே பௌல்டர் மலையில் பனி ஸ்கூட்டர்க்காரர்கள் திரளாகக் கூடியிருந்தபோது பனிச்சரிவு இறங்கியது. இருவர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள்.

பனியின் பலத்தை நம் இரு மாநிலத்தாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீலகிரி ரயிலில் குன்னூருக்கு அடுத்த நிலையம் வெலிங்டன். மெட்ராஸ் ரெஜிமென்டின் மையம் இருக்கும் ஊர். அந்த ரெஜிமென்டின் 19-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த முகாம் ஒன்று 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் பனியில் புதைந்தது. அங்கிருந்த பத்துப் பேரில் நால்வர் தமிழ்நாட்டினர், மூவர் கர்நாடகத்தினர். ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்ட தார்வாட் மாவட்டத்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11 அன்று காலமானார். அந்த வாரம் பெங்களூரில் தமிழ் வீடு, கன்னட வீடு என்ற வேறுபாடு இல்லாமல் எல்லோரும் தொலைக்காட்சி முன் பிரார்த்தனையோடு உட்கார்ந்திருந்தோம். கடமைக்காகப் போனவர்களுக்கு வேறு வழியில்லை. பொழுதுபோக்குக்காகப் போகிறவர்களுக்கு வழி இருக்கிறது.

ஆகவே பையனிடம் இப்படிச் சொன்னேன். “புதிதாகக் கற்றுக்கொள்கிறவனுக்கு 154 அங்குலமும் இரண்டரை அங்குலப் பல்லும் போதும். மிதக்கும், திரும்பும், எஞ்சினையும் வதைக்காது. 165-ம் 3 அங்குலமும் கைதேர்ந்தவர்கள் செங்குத்தில் ஏறுவதற்கு. அந்தச் செங்குத்தில் உனக்கு இப்போது வேலையில்லை. வண்டிக்கு முன்னால் மூன்று பொருள் வாங்கு: புதைந்தவரைக் காட்டிக்கொடுக்கும் டிரான்ஸீவர், குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வெட்டி. புதைந்தவரை மீட்க நல்ல வாய்ப்பு முதல் பத்துப் பதினைந்து நிமிடம்தான். பக்கத்தில் இருப்பவன் தோண்டினால்தான் உண்டு. பனிச்சரிவுப் பயிற்சி வகுப்பில் சேர். புறப்படும் அன்று காலை அவலான்ச் கனடாவின் எச்சரிக்கை அறிக்கையைப் படி. சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் ஏற வேண்டும், மற்றவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டும்.”

ரயில்வேயில் சிக்னல் விழாமல் எஞ்சின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நகராது. மலைக்கும் அதே விதி என்று சொல்லி முடித்தேன்.

அவன் தந்தைக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்தான். ஒரு மாதம் கழித்து அவரே கூப்பிட்டார். பையன் 154 வண்டிக்கு முன்பணம் கொடுத்துவிட்டானாம். ஆனால் பயிற்சி வகுப்பு முடியும் வரை வண்டியை எடுப்பதில்லை என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறானாம். “இனிமேல் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பனி அறிக்கையை நானும் பார்க்க வேண்டும் சார், எப்படிப் பார்ப்பது என்று சொல்லித் தாருங்கள்” என்றார். மறுநாளே அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன்.