'வெண்பா' படமாக வேண்டும்

வீடியோ கேமைப் படமாக்கினால் அடிதடிதான் மிஞ்சும் என்று பலர் நினைக்கிறார்கள். 1993இல் தோற்றுப்போன 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' அந்த நினைப்புக்குத் துணை நின்றது. ஆனால் டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா'வில் சண்டையே இல்லை. 1980களில் கனடாவுக்குப் போன தமிழ்த் தாய் வெண்பா, கணவன் பாவலன், தமிழிலிருந்து மெல்ல விலகும் மகன் கவின். தாய்வீட்டிலிருந்து வந்த சிதைந்த சமையற்குறிப்பை ஊகித்து இட்டலியும் புட்டும் பிரியாணியும் ஆக்குவதுதான் ஆட்டம். ஒவ்வொரு சமையலுக்கும் இடையில் குடும்பத்துக்குச் சில வயது கூடிவிடுகிறது. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுக் கரடியனாற்றிலும் படுவான்கரையிலும் இருக்கும் பெற்றோருக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை.

நாமே சமைப்பதில்தானே சுவை, பார்த்துக்கொண்டிருப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வீடியோ கேமிலிருந்து உருவான 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' தொலைக்காட்சித் தொடரின் மூன்றாம் அத்தியாயம் விளையாட்டின் பாதையை விட்டுவிட்டு இரு மனிதரின் வாழ்வைச் சொன்னது. அதுவே பெரிதும் பேசப்பட்டது. இழந்த கைவேலைக்கு ஈடாகத் திரை முகங்களைத் தரும். 2024இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதும் பெற்ற 'வெண்பா', ஏறக்குறைய ஒரு படத்தின் நேரத்திலேயே ஆடி முடியக்கூடியது. அதைத் தமிழ்பேசும் அனிமேஷன் படமாகவே எடுக்க வேண்டும்; ஆங்கிலத்தில் எடுத்தால் கவினின் கதை மட்டுமே மிஞ்சும்.