எங்கள் ஒழுங்கையின் பிள்ளைகள்

எகிப்திய நாவலாசிரியர் நஜீப் மஹ்பூஸ் 1988இல் நோபல் பரிசு பெற்றதைப் பலரும் அறிவர். நான் இன்று சொல்ல வந்தது அவருடைய ‘அவ்லாத் ஹாரதினா’ பற்றி. ‘ஹாரா’ என்பதை நம்மூர் வழக்கில் ஒழுங்கை எனலாம்.

1959இல் கெய்ரோவின் அல்-அஹ்ராம் பத்திரிகையில் அது தொடராக வந்தது. ஜபலாவி என்னும் முதியவர் மதில் சூழ்ந்த பெருமனையில் எவர் கண்ணிலும் படாமல் வாழ்கிறார். அவருடைய வக்பு சொத்தின் வருமானம் ஒழுங்கையிலுள்ள சந்ததியார்க்குச் சேரவேண்டியது. அதை மேற்பார்வையாளனும் சண்டியர்களும் விழுங்குகின்றனர். தலைமுறைக்கொருவர் நீதி கேட்டு எழுகிறார். அவர்களிடம் நபிமார்களின் சாயலைக் கண்ட அல்-அஸ்ஹர் உலமாக்கள் கொதித்தனர். அத்தியாயங்களும் 114, குர்ஆனின் சூறாக்களும் 114!

அந்தச் சர்ச்சையில் நாவலின் அரசியல் மறைந்துபோயிற்று என்பது என் எண்ணம். 1952 புரட்சியால் ஆட்சிக்கு வந்தோரிடம், ‘நீங்கள் நீதி கேட்டவர் பக்கமா, சண்டியர் பக்கமா?’ என்றுதான் மஹ்பூஸ் வினவினார்.

நூல் 1967இல் பெய்ரூத்தில் வெளிவந்தது. எகிப்தில் வெளியிடுவதானால் அல்-அஸ்ஹரின் இசைவு வேண்டுமென்று மஹ்பூஸே சொல்லிவந்தார். அப்படிப்பட்டவரின் கழுத்தில்தான் 1994 ஒக்டோபரில், வீட்டு வாசலில், ஓர் இளைஞன் கத்தியைப் பாய்ச்சினான். அவன் அந்த நாவலைப் படித்ததே இல்லையாம்.

82 வயதில் உயிர் தப்பினார். எழுதும் வலக்கை நரம்புகள் பழுதுபட்டன. சிறுபிள்ளைபோல் மீண்டும் எழுதப் பழகி, நாளுக்குச் சில வரிகளாக அவர் எழுதியவையே பிற்காலக் கனவுக் குறுங்கதைகள். 2006 ஓகஸ்டில் அவர் காலமானார். எகிப்தில் அந்த நாவல் நூலாக வெளிவந்ததும் அவ்வாண்டிலேதான்.