மூச்சுப் பயிற்சி மருந்துக்கு மாற்றாகுமா?

நள்ளிரவில் வாப்பா மூச்சிரைப்புடன் எழுந்து உட்காரும்போது வீடே விழித்துக்கொள்கிறது. அத்துன்பத்தை அறிந்தவர்கள், மருந்தின்றி ஆஸ்துமாவைப் போக்கலாம் என்று எவர் கூறினாலும் செவி சாய்ப்பது இயல்பே. எனவே, ஆஸ்துமாவுக்குப் பரிசோதிக்கப்பட்ட ஒரு மூச்சுப் பயிற்சியின் பயனையும் எல்லையையும் நீங்கள் அறிந்திருத்தல் நலம்.

மணிக்கட்டில் விரலை வைத்து நாடியைக் கவனியுங்கள். மூச்சை உள்ளிழுக்கையில் துடிப்பு சற்று விரைந்து, வெளிவிடுகையில் தணியும். ஜெர்மானிய அறிஞர் கார்ல் லுட்விக் 1847-ஆம் ஆண்டிலேயே இவ்வுறவைப் பதிவு செய்தார். வேகஸ் என்னும் நரம்பு இதயத்திற்கு இடும் கடிவாளம், மூச்சுக்கேற்பத் தளர்ந்தும் இறுகியும் வருவதே இதற்கு முக்கியக் காரணம். இந்த ஏற்ற இறக்கம் நோயன்று, உடலின் இயல்பு.

பயோஃபீட்பேக் என்னும் முறையில், உடலில் பொருத்திய கருவி துடிப்பின் ஏற்ற இறக்கத்தைக் கணினித் திரையில் அலையாகக் காட்டும். அதைப் பார்த்தவாறே மூச்சை மெதுவாக்கப் பழக வேண்டும். வழக்கமாக நாம் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். அது ஏறத்தாழ 6 முறையாகக் குறையும்போது அலை மிக உயர்ந்து எழும். இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் உடலின் ஏற்பாடும் அப்போது பயிற்சி பெறுகிறது.

அமெரிக்காவில் பால் லெஹ்ரர் குழுவினர் ஆஸ்துமா நோயாளிகள் 94 பேரை ஆராய்ந்து, 2004-இல் முடிவை வெளியிட்டனர். இப்பயிற்சி பெற்றோருக்கு ஏனையோரைவிடக் குறைந்த மருந்தே தேவைப்பட்டது. ஆனால் 2018-இல் அதே லெஹ்ரர் தம் குழுவினருடன் மற்றோர் ஆய்வின் முடிவை வெளியிட்டார். நாள்தோறும் உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்துக்கு இப்பயிற்சி மாற்றாகாது என்பதே அது. தாம் வளர்த்த முறையின் எல்லையைத் தாமே எடுத்துரைத்த நேர்மை போற்றத்தக்கது.

காரணம் எளிது. ஆஸ்துமாவில் மூச்சுக்குழல் சுருங்குவதோடு, அதன் உட்சுவரும் அழற்சியால் வீங்குகிறது. இரைப்பு இல்லாத நாளிலும் அவ்வீக்கம் உள்ளே இருக்கக்கூடும். அதைத் தணிப்பதே ஸ்டீராய்டு மருந்தின் பணி. "இன்று நன்றாகத்தானே இருக்கிறது" என்று அதை நிறுத்துவது ஆபத்தை வீட்டுக்கு அழைப்பதாகும்.

ஆகவே, மருத்துவரைக் கேட்டு, மருந்தோடு சேர்த்து இப்பயிற்சியைப் பழகுங்கள். தலைசுற்றினால் மூச்சின் ஆழத்தைக் குறையுங்கள். மூச்சுத் திணறும் வேளையிலோ, பயிற்சியை எண்ணிக் காத்திராமல், அவசரத்திற்கென மருத்துவர் தந்த இன்ஹேலரை உடனே எடுங்கள். அப்போதும் திணறல் தணியாவிடில் மருத்துவமனைக்கு விரையுங்கள்.