லாவெண்டர் மணமும் மளிகைக் கடையும்

ஊதுவத்தி, குளியல் சோப்பு, முகப்பவுடர், தரை துடைக்கும் திரவம், துவைத்த துணிக்கு இடும் வாசனைத் திரவம், இவற்றில் எதை எடுத்தாலும் இன்று லாவெண்டர் என்று ஒரு ரகம் வந்துவிடுகிறது. ஊதா நிற உறை, அதன் மேல் கதிர் போல ஒரு பூவின் படம். தருமபுரி கடைவீதியாகட்டும், பாலக்கோடு, அரூர், பென்னாகரம் பக்கத்துச் சிறு கடைகளாகட்டும், இந்த ஊதா உறையை எங்கும் காணலாம். ஆனால் விற்கிற நம்மில் பெரும்பாலோரும் சரி, வாங்குகிறவர்களும் சரி, அந்தப் பூவை நேரில் பார்த்ததில்லை. மல்லிகை என்று எழுதி வேறு மணத்தை அடைத்துக் கொடுத்தால் வாடிக்கையாளர் கடை வாசலிலேயே பிடித்துவிடுவார். லாவெண்டரில் அப்படிப் பிடிக்க ஆளில்லை. ஆகவே இந்தச் சரக்கைப் பற்றி விற்கிற நாமாவது தெரிந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

லாவெண்டர், துளசியும் புதினாவும் மருவும் சேர்ந்த அதே குடும்பத்துச் செடி. மத்தியதரைக் கடலை ஒட்டிய நாடுகள் இதன் தாயகம். பிரான்சின் தென்பகுதியும் பல்கேரியாவும் இதற்குப் பெயர் பெற்றவை. துணிகளுக்கிடையே உலர்ந்த பூவைச் சிறு பையில் கட்டிப் போடுவதும், குளிக்கும் நீரில் சேர்ப்பதும் அங்கே பழைய வழக்கம். நம் வீட்டுப் பெட்டிகளில் வெட்டிவேரையும் வசம்பையும் போட்டு வைத்தார்களே, அதே காரியம்தான். நம் நாட்டுக் கடைகளில் இந்த மணத்தை அறிமுகப்படுத்தியதில் யார்ட்லி பவுடர் டப்பாவுக்கு ஒரு பங்கு உண்டு. 1770-இல் லண்டனில் தொடங்கியதாகச் சொல்லிக்கொள்ளும் அந்தப் பெயரை, நம் நாட்டுக்கும் ஆசியாவின் பிற பகுதிகளுக்கும் 2009-இல் விப்ரோ வாங்கியது.

இந்த மணம் நம்மவர்களுக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் பிடித்துப்போயிற்று? லாவெண்டர் எண்ணெயில் முக்கியமானவை லினலூல், லினலைல் அசிடேட் என்ற இரண்டு பொருட்கள். இந்த லினலூல் நமக்குப் புதிதல்ல. நம் கடையில் மூட்டையாக அடுக்கியிருக்கும் கொத்தமல்லி விதையிலிருந்து எடுக்கும் வாசனை எண்ணெயில் பெரும்பகுதி இதுதான். மல்லிகையிலும் துளசியிலும் இது உண்டு. பழகிய மணத்தின் ஒரு சாயல் இருப்பதால்தான், முதல் தடவை முகர்ந்தவர்களும் அந்நியமாக உணர்வதில்லை என்று நமக்குத் தோன்றுகிறது.

இதே லினலூலை ஆலையில் செயற்கையாகவும் செய்கிறார்கள். மலிவு விலை ஊதுவத்தியிலும் தரைத் திரவத்திலும் இருப்பது பெரும்பாலும் அதுதான். அதில் குற்றமில்லை; வாசனைக்காக வாங்குகிறவருக்கு வாசனை கிடைக்கிறது. தகராறு வருவது "சுத்தமான லாவெண்டர் எண்ணெய்" என்று சின்னக் குப்பியில் வருகிற சரக்கில்.

இங்கே ஒரு மனக்கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் நாட்டில் லாவெண்டர் விளைவது ஜம்மு காஷ்மீரில். குறிப்பாக தோடா மாவட்டத்துப் பதேர்வா வட்டாரம். ஜம்முவில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் நாற்றுக் கொடுத்து, வடிப்பதற்கு இயந்திரம் அமைத்துக் கொடுத்து, மக்காச்சோளம் விதைத்துக்கொண்டிருந்த சிறு விவசாயிகளை இதில் இறக்கியது. 2024 குடியரசு தின அணிவகுப்பில் டெல்லியில் இதைப் பற்றிய அலங்கார ஊர்தியே போயிற்று. அந்த விவசாயிகளின் எண்ணெய் லிட்டர் பத்தாயிரம் ரூபாய் அளவில் விலைபோவதாகப் பத்திரிகைகளில் பல முறை வந்திருக்கிறது. நூறு கிலோ பூவை வடித்தால் ஒரு கிலோ அளவுக்குத்தான் எண்ணெய் கிடைக்கும், அதனால்தான் இந்த விலை. லிட்டர் பத்தாயிரம் என்றால் மில்லி பத்து ரூபாய். பத்து மில்லி குப்பியில் எண்ணெய் மட்டுமே நூறு ரூபாய். குப்பி, மூடி, லேபிள், லாரி வாடகை, மொத்த வியாபாரியின் லாபம், நம் லாபம் எல்லாம் அதற்கு மேல். இதே பத்து மில்லியை ஒருவர் நாற்பது ரூபாய்க்கு "நூற்றுக்கு நூறு சுத்தம்" என்று கொண்டுவந்து கொடுத்தால், கணக்கே பதில் சொல்லிவிடுகிறது.

அப்படிப்பட்டதை வாங்கவே கூடாது என்பதில்லை. வாசனைத் திரவம் என்று சொல்லி விற்கலாம். தயாரிப்பாளர் பெயர், முகவரி, அளவு, விலை, தயாரித்த மாதம் இல்லாத குப்பியை மட்டும் எந்த விலைக்கும் தொடவேண்டாம். அதோடு, லாவெண்டர் முகர்ந்தால் இந்த நோய் போகும், அந்த நோய் போகும் என்று அட்டை எழுதி மாட்டுகிற ஆசையும் வேண்டாம். நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைக் கட்டுப்படுத்த 1954-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. தூக்கம் வருமா என்று கேட்டால், மனதுக்கு இதமாக இருக்கும் என்று பலர் சொல்கிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். எண்ணெயை உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது, குழந்தை கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும், தோலில் அப்படியே தடவினால் சிலருக்கு அரிப்பு வரும் என்பதைக் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். திறந்து நாள்பட்ட எண்ணெய் காற்றுப்பட்டுக் கெடும். அதில் அரிப்புக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். வெயில் விழும் முன்வரிசையில் அழகுக்காக அடுக்கி வைப்பதும் சரக்குக்குக் கேடு.

இவை எல்லாவற்றையும்விட நம் கைக்காசைக் கரைக்கிற விஷயம் வேறொன்று. தேயிலைத் தூளை வாங்கிப்போன வீட்டம்மா மறுநாள் பொட்டலத்தோடு வந்து, "டீயில சோப்பு வாசம் அடிக்குதுங்க" என்று சொல்லும் அனுபவம் மளிகைக்காரர்களுக்குப் புதிதல்ல. தேயிலை, காபித்தூள், கேழ்வரகு மாவு, ரவை, நெய், வெண்ணெய் எல்லாம் பக்கத்தில் உள்ள மணத்தை இழுத்துக்கொள்ளும். லாவெண்டர் மணம் மற்ற வாசனைகளைவிட உறையை எளிதில் தாண்டி வருகிறது என்பது நாம் கண்கூடாகக் காண்பது. பத்தடிக்குப் பன்னிரண்டடி கடையில் தனி அறைக்கு எங்கே போவது என்று கேட்பது நியாயமே. ஆனாலும் ஊதுவத்தி, சோப்பு, தரைத் திரவம் மூன்றையும் வாசல் பக்கத்து ஒரே அலமாரிக்குக் கொண்டுவந்து, மாவு வகைகளையும் தேயிலையையும் எதிர்ச்சுவருக்கு மாற்றுவது எந்தக் கடையிலும் முடியும். உணவுப் பொருளைச் சோப்பு, இரசாயனம் இவற்றிலிருந்து பிரித்து வைக்கவே உணவுப் பாதுகாப்பு விதிகளும் சொல்கின்றன. சேலத்திலிருந்து சரக்கு ஏற்றும்போதும் கவனம் வேண்டும். வத்திப் பெட்டியையும் டீத்தூள் பெட்டியையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றித் தார்ப்பாயை இழுத்துக் கட்டினால், கடைக்கு வருமுன்பே காரியம் கெட்டிருக்கும்.

நம் வணிகர்களில் நிலமும் வைத்திருப்பவர்கள் உண்டு. வத்தல்மலையில் காபி வருகிறதே, லாவெண்டர் வராதா என்று அவர்களுக்குத் தோன்றலாம். பதேர்வா ஐயாயிரம் அடிக்கு மேலே உள்ள, பனி விழுகிற ஊர். அந்தச் செடி நன்றாகப் பூக்கக் கடுமையான குளிர்காலம் வேண்டும். நம் மலைக் குளிர் காபிக்குப் போதும், இதற்குப் போதாது.

நம் பக்கம் மணத்துக்குப் பஞ்சமும் இல்லை. மரிக்கொழுந்தின் எண்ணெய் வெளிநாட்டு வாசனைத் தொழிலுக்கே போகிறது. வெட்டிவேர் கடலூர் பக்கத்து மணற்பாங்கான நிலத்தில் விளைந்து வருகிறது. ஊதா உறை கேட்டு வருகிற வாடிக்கையாளரிடம், பீரோவில் துணிக்கு நடுவே போட என்று ஒரு சிறு வெட்டிவேர்க் கட்டையும் காட்டிப் பாருங்கள். இதில் கலப்படம் இருந்தால் அவருக்கே தெரிந்துவிடும், நமக்கு அந்தக் கவலையில்லை. கோடைக்கு முன்பே கொள்முதல் செய்து வைத்தால் பானைத் தண்ணீருக்கும் கேட்டு வருவார்கள். ஈரம் படாமல் காகிதத்தில் சுற்றி வைத்தால் போதும். மாவு மூட்டைப் பக்கம் மட்டும் இதையும் வைக்க வேண்டாம்.